மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

வியாழக்கிழமை, கடைசி இரண்டு பீரியட்.
கெமிஸ்ட்ரி லேபில் ஸ்டூல்கள் வட்டமாய்.
அமிலம் தின்ற மேசைகள் சுவரோரம் ஒதுங்கி நிற்க
ஏழு பேர் நாங்கள். எட்டாவது, ஷைலஜா மிஸ்.
மிஸ் வேண்டாம், பேர் சொல்லுங்கள் என்றார்.
ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை.

முதல் நாளே ஒரு தாள்.
இருபது வாக்கியம்,
ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் போட வேண்டும்.
'நாளையை நினைத்தால் நம்பிக்கை வருகிறது.'
'என் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறது.'
பதினேழாவது:
'நான் இந்த இடத்தைச் சேர்ந்தவன்.'
எல்லாவற்றுக்கும் மூன்று போட்டேன்.
மூன்று போட்ட பையனை
யாரும் தனியாய்க் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

சேர்வராயன் என்பது மலையின் பேர், சாமியின் பேர்,
விடுதி ரிஜிஸ்தரில் முப்பத்தொன்றாம் பேர்.
சான்றிதழில் மலையாளி என்றிருக்கும்.
அப்ப கேரளாவா?
இல்லை, இருபது கொண்டை ஊசி ஏறி
நாகலூர் தாண்டி நடந்தால் எங்கள் வீடு.
சரி, மலையாளத்துல ஏதாச்சும் பேசு.
ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் அலுத்துப்போய்
வாய்க்கு வந்ததை உளறினேன்.
கைதட்டினார்கள்.

தஹ்சீன் கணக்குப் போட்டால் உதடு உருதுவில் அசையும்.
துளசிராம் வீட்டுக்குப் போன் பேச
மாடிப்படிக்குக் கீழே போவான்,
அந்தப் பாஷையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு.
ரோஷ்னிக்குக் கொலுசுச் சத்தம் ஆகாது.
அவள் அப்பா சிவதாபுரம் பட்டறையில்
நாளெல்லாம் கொலுசுக்கு மெருகேற்றி
ராத்திரி வெள்ளி நிறத்தில் இருமுகிறார்.
கஜீபன் முகாமிலிருந்து வருகிறான்.
அவன் பேசுவதும் தமிழ்தான்.
அதற்கும் சிரித்தார்கள்.

வாரம் மூன்று நல்லதை எழுதி வரச் சொன்னார்.
சோறு, தூக்கம், பஸ் என்றெழுதினேன்.
அருமை என்றார் மிஸ்.
எதை எழுதினாலும் அருமை.
நாலாம் வாரம் கஜீபன் வாசித்தான்:
ஒண்டு, மழை.
ரெண்டு, கையெழுத்துப் போட நேரத்துக்குப் போயிட்டன்.
மூண்டாவது இல்லை மிஸ். கட்டாயமோ?

சின்னதா ஏதாவது, யோசிச்சுப் பாரேன்...
இல்லைன்னா இல்லைதானே மிஸ், என்றாள் தஹ்சீன்.
மிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.
அடுத்த பக்கத்தைப் பார்த்தார்.
பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றினார்.
குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.
அந்த ஒருமுறை அருமை வரவில்லை.

துளசிராம் பைக்குள் கைவிட்டான்.
பேப்பர் பொட்டலம், தட்டுவடை செட்,
பீட்ரூட் சாறு தேர்தல் செய்தியில் ஊறியிருந்தது.
லேபில் தின்னக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது.
மிஸ்ஸும் ஒன்று எடுத்தார்.
இதை மூணாவதா எழுதிக்கடா.
கஜீபன் மென்று முடித்துச் சொன்னான்,
உறைப்பு காணாது.
எழுதவில்லை.

இன்னொரு வியாழன்,
அடுத்தவரின் பலத்தைப் பேர் போடாமல் எழுதிக்
கவரில் இட வேண்டும்.
எனக்கு வந்த சீட்டுகளில் உதவுவான், பொறுமைசாலி,
அப்புறம் இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஒன்று:
'மலையாளம் சரளமாகப் பேசுவான்.'
தஹ்சீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
தோள் மட்டும் குலுங்கியது.
விடுதி வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.
சாப்பாட்டு வரிசையில் திரும்பவும் வந்தது சிரிப்பு,
தட்டைக் கீழே போட்டேன்.

கடைசி வாரம் அதே தாள், அதே இருபது.
பதினேழில் நின்றேன்.
எந்த இடத்தை மிஸ்? லேபா, ஸ்கூலா, சேலமா?
உனக்கு எது தோணுதோ அது.
ஜன்னலுக்கு அப்பால் மலை வெயிலில் கிடந்தது.
இங்கிருந்து எங்கள் ஊர் தெரியாது,
வளைவில் திரும்பும் ஏதோ ஒரு பஸ்ஸின் கண்ணாடி
ஒருமுறை மின்னி அடங்கும்.
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே வட்டம் போட்டேன்.
இதைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காதேடா.
அது கம்ப்யூட்டர் பிரச்சனை மிஸ், என்றாள் ரோஷ்னி.
கஜீபன் தன் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

அடுத்த வியாழன் ஸ்டூல்கள் வரிசைக்குத் திரும்பிவிட்டன.
உப்புப் பகுப்பாய்வு. எனக்கு வந்தது வெள்ளை உப்பு,
சூடாக்கியும் நிறம் மாறவில்லை.
மணியடித்ததும் கேட்டுக்கு வெளியே தட்டுவடை வண்டி,
ஏழு பேர், ஐந்து செட்டுக்குத்தான் சில்லறை.
பங்கிட்டோம்.
உறைப்பு காணாது என்றான்,
இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு
கையை நீட்டியபடி.